பொதுச்சுவர்

சுவரில் காது வைத்துக் கேட்பது கேவலம் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்த தெரு எங்களுடையது. சொன்னவர்கள் யாரும் கேட்காமல் இருந்ததில்லை என்பது வேறு விஷயம். எல்லாம் வரிசை வீடுகள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். இங்கே இருமினால் அங்கே தண்ணீர் எடுத்து வைப்பார்கள். அப்படிப்பட்ட தெருவில், நாங்கள் பெற்ற பிள்ளைகளே பட்டப்பகலில் வீடு வீடாக ஏறி இறங்கி, எல்லோருடைய சுவரிலும் காது ஒட்டிவிட்டுப் போனார்கள்.

காது என்று அவர்கள்தான் சொன்னார்கள். பாட்டுப் பாடும் பொம்மை உடைந்தால் உள்ளே மெல்லிசாக ஒரு பித்தளை வில்லை இருக்குமே, அதுதான். பொம்மைக்குள் இருந்தவரை அது சத்தம் போடும். இரண்டு கம்பிகளை மாற்றி ஒட்டிச் சுவரில் அப்பினால் சத்தத்தை வாங்கிக்கொள்ளுமாம். "வாயைக் காதாக்குற வித்தையா? நம்ம தெருவுல ரெண்டு மூணு பேருக்கு அதப் பண்ணி விடுங்கடா" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை.

என் இஸ்திரிக்கடை தெருவின் நட்டநடுவில் இருக்கிறது. நின்றபடியே செய்யும் வேலை. கண்ணுக்கு வேலை இல்லை. அதனால் யார் வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாமல் நடக்காது. எதிர்வீட்டில் சுவர் பூசும் வேலை செய்யும் பூச்சுக்காரியும் அவள் மகளும் இருந்தார்கள். அதை ஒட்டிய வீடு பூட்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் ஊரை விட்டுப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவராக இருந்த ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

போன மழைக்குப் பிறகு தெரு முழுக்கச் சுவர்கள் விரிசல் விட ஆரம்பித்தன. நகராட்சிப் பொறியாளர் வந்தார், விரிசலைப் பார்த்தார், "ஈரம்" என்றார், போய்விட்டார். தெருக்கோடியில் கைவிடப்பட்ட ஒரு பஸ் ஷெட் இருக்கிறது. விடுமுறை நாட்களில் பிள்ளைகள் அங்கே கூடி எதையாவது கழற்றிக்கொண்டும் மாட்டிக்கொண்டும் இருப்பார்கள். காற்றாடி வைத்து விளக்கு எரிய வைப்பார்கள், சாக்கடைத் தண்ணீரைக் குப்பியில் பிடித்து நிறம் பார்ப்பார்கள். அவர்களுக்கு வாத்தியார் யாரும் கிடையாது. கைபேசி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்தான் கூட்டத்துக்குத் தலை. ஈயத்தை உருக்கி ஒட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் சாலிடர் என்று பெயர். அவள் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, "ஈரம்னு அவரு சொல்றாரு. நமக்கு எப்படித் தெரியும்? அளந்து பாப்போம்" என்றாளாம். அன்றைக்கு ஆரம்பித்தது இந்தக் காது ஒட்டுகிற வேலை.

காதோடு ஒரு தகடும் ஒட்டினார்கள். விரிசலுக்கு இடது பக்கம் கட்டம் போட்டு, ஓரக் கட்டங்களுக்குச் சிவப்பு அடித்த ஒரு கண்ணாடித் தகடு, வலது பக்கம் சிவப்புக் கூட்டல் குறி போட்ட இன்னொரு தகடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். சுவர் நகர்ந்தால் கூட்டல் குறியும் கட்டத்தில் நகரும். பொறியாளருக்கே அது பிடித்துவிட்டது. "குறி சிவப்புக் கட்டத்தத் தாண்டட்டும், அன்னைக்கே நான் வந்து வீட்டக் காலி பண்ணிப் பூட்டுப் போடுறேன்" என்று வாக்குக் கொடுத்தார். சொன்னபடி கோடி வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் குடிவைத்தார். அதற்கப்புறம் தெரு முழுக்க அந்தத் தகட்டைக் காய்ச்சல்மானி மாதிரிப் பார்க்க ஆரம்பித்தது.

எதிர்வீட்டுச் சுவரில் ஒட்டியது அந்த வீட்டுப் பெண்ணேதான். சுண்டெலி என்று கூப்பிடுவோம். எந்தச் சந்திலும் பொந்திலும் நுழைந்து கம்பி இழுத்துவிட்டு வந்துவிடுவாள். பள்ளி இறுதி வகுப்பு. வாய் பேசாது, கை பேசும். அவள் அம்மாவுக்கு நேர் எதிர்.

பூச்சுக்காரி யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் நலம் விசாரிப்பாள். விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "உள்ள வெத்து" என்பாள். இடம் பொருள் பார்க்க மாட்டாள். புருஷன் செத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவள் கை பின்னால் போய்ச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். டாக்டர் நகர்ந்ததும் என்னிடம், "இதுவும் வெத்துதான் அக்கா" என்றாள். அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

புருஷனும் பூச்சு மேஸ்திரி. இருவரும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போவார்கள். அவர் கடைசியாகப் பூசிய சுவர், பூட்டிக் கிடக்கும் அந்தப் பக்கத்து வீட்டில் இருக்கிறது. அதாவது இவர்கள் வீட்டுச் சுவருக்கு மறுபக்கம். ஒரு மத்தியானம் வேலைக்கு நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர் பயந்துபோய் மிச்ச வேலையைச் செய்யாமலே பூட்டிவிட்டார்.

எங்கள் தெருவின் மத்தியானத்துக்கு ஒரு குணம் உண்டு. சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணை மூடும் நேரத்தில் ஒரு சத்தமும் இருக்காது. தெருநாய்கூட மூச்சு விடுவது தெரியாமல் படுத்திருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் மேட்டுத் தெருச் சாயப்பட்டறைக்காரன் தண்ணீரைச் சாக்கடையில் திறந்துவிடுவான். கால் அடியில் லேசாக ஒரு நடுக்கம் ஓடும். பழகிப்போனதால் நாங்கள் கண்டுகொள்வதில்லை.

அப்படி ஒரு மத்தியானம், தேய்த்த துணியைக் கொடுக்க எதிர்வீட்டுக்குப் போனேன். சுண்டெலியும் சாலிடரும் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார்கள். சுவரிலிருந்து கம்பி இறங்கி ஒரு சின்னப் பெட்டிக்குள் போயிருந்தது. பெட்டியிலிருந்து இன்னொரு கம்பி சுண்டெலியின் தலையில் மாட்டியிருந்த கேட்புக் கருவிக்குப் போனது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னடி, பேய் அடிச்ச மாதிரி இருக்கே?"

"அத்தை, நீங்க கேளுங்க" என்று என் தலையில் மாட்டிவிட்டாள்.

முதலில் ஒன்றும் இல்லை, வெறும் இரைச்சல். அப்புறம் ரொம்ப ஆழத்தில் களக், களக் என்று யாரோ தண்ணீர் முழுங்குவது கேட்டது. அவசரமே இல்லாமல், தாகம் தீராதவன் குடிக்கிற மாதிரி. அதற்கு மேலே இன்னொரு சத்தம். சர்ர். சர்ர். டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் சர்ர், சர்ர், டொக். நான் கருவியைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டேன்.

"அந்தத் தண்ணிச் சத்தம் எனக்குப் புரியுது அத்தை" என்றாள் சாலிடர். "அடியில சாக்கடைக் குழாய் எங்கயோ ஒடஞ்சிருக்கு. மண்ண அரிச்சு இழுத்துட்டுப் போகுது. கோடி வீட்டுலயும் இதே சத்தம்தான். இன்னொண்ணுதான் என்னன்னு புரியல. வேற எந்தச் சுவருலயும் இல்ல."

அந்த நேரம் பார்த்துப் பூச்சுக்காரி வேலையிலிருந்து சாப்பிட வந்தாள். முழங்கை வரை சிமெண்ட் காய்ந்திருந்தது.

"என்ன கூட்டம்? யாருக்கு என்ன?" என்றவள், தானே கருவியை எடுத்துக் காதில் வைத்தாள். நின்றபடியே கேட்டாள். வலது கை மட்டும் மெல்ல மேலே போனது, இன்னொரு முறை மேலே போனது, அப்புறம் கீழே இறங்கி எதையோ தட்டியது. அவளுக்கே தெரியாமல் செய்தாள்.

"ரெண்டு இழுப்பு, ஒரு தட்டு" என்றாள். "கரண்டிய ரெண்டு தடவ இழுத்துட்டு, ஒட்டின கலவையப் பலகையில தட்டி உதறுவாரு. மூணு இழுப்பு இழுங்க, வேலை ஓடும்னு எத்தன தடவ சொல்லிருப்பேன். கேக்கவே மாட்டாரு."

"அம்மா, அது வேற ஏதோ சத்தம்" என்றாள் சுண்டெலி.

"எனக்குத் தெரியாதாடி?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சோறு போட்டுக்கொள்ளப் போனாள். பொரித்த முட்டையைச் சுவரைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். நான் கடைக்குத் திரும்பி யாருடைய சட்டைக் காலரையோ கருக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தவறாமல் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். தொலைவில் வேலை இருந்தால் ஒத்துக்கொள்ளவே இல்லை. கம்பியும் பெட்டியும் இல்லாமலே அவளுக்குக் கேட்கிறது என்றாள். சுவரில் கன்னத்தை வைத்து நிற்பதை என் கடையிலிருந்து நான் பார்ப்பேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், வேலை இல்லாமல் என் கடையில் வந்து ஒண்டினாள். துணி மடிக்க உதவினாள். மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு அவரு உக்காந்தாருல்ல, சுவருல சாஞ்சு. நான் கலவை கொண்டாந்து வெச்சேன். தூங்குறாருன்னு நினைச்சேன். சரி, ராவெல்லாம் இருமினாரு, தூங்கட்டும்னு விட்டுட்டேன். கலவை இறுகிடுமே, வீணாப் போயிடுமேன்னு நானே கரண்டிய எடுத்துப் பூச ஆரம்பிச்சேன். அவர எழுப்பாம, அவரு தலைக்கு மேல, தோளுக்குப் பக்கத்துல, சுத்திச் சுத்திப் பூசினேன். பேசிட்டே பூசினேன் அக்கா. சட்டி காலியானப்புறம்தான் தொட்டேன்."

நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தேன்.

"போனது எப்பன்னு டாக்டர் சொன்னாருல்ல? நான் பூச ஆரம்பிக்கும்போதே அவரு இல்ல."

"உனக்கு எப்படிம்மா தெரியும்? விடு."

"இப்ப அவரு மிச்சத்தப் பூசுறாரு அக்கா. அவரு வேலைய நான் கெடுத்து வெச்சிருக்கேன். அவருக்கு நேரமாகுது. இந்தப் பக்கம் நான் ஒத்தாசைக்கு இருக்கணும்ல? நான் தேய்க்காம விட்டுட்டுப் போற இடம், சாயங்காலம் வந்து பாத்தா வழவழன்னு இருக்கு. வந்து தொட்டுப் பாருங்க."

தேய்க்காமல் விட்ட இடம் என்று அவள் சொன்னது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. அவள் சுவரில் தேய்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். மழைச் சத்தத்திலும் அவள் சொன்ன விஷயத்திலும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வாரம் தெருவில் எல்லாத் தகடும் நகர்ந்தது. வெயிலுக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம், மழைக்கு ஒரு மயிரிழை அந்தப் பக்கம். பஸ் ஷெட் பலகையில் பிள்ளைகள் சுண்ணாம்புக் கட்டியால் வீட்டுக்கு வீடு அளவு எழுதி வைப்பார்கள். எதிர்வீட்டு அளவு மட்டும் ஒட்டிய நாளிலிருந்து நட்டநடுவிலேயே நின்றது. தெருவே அந்த வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. "மேஸ்திரி கட்டின வீடுல்ல" என்றார்கள். அவர் கட்டவில்லை, வாடகைக்கு வந்தவர்தான்; ஆனாலும் சொன்னார்கள்.

சாலிடருக்கு மட்டும் அது உறுத்தியிருக்கிறது. ஒரு நாள் காலை, கடை திறக்கும் முன் என் வாசலில் வைத்துச் சுண்டெலியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், உங்க வீட்டுத் தகடு ஏன் அசைய மாட்டேங்குது?"

"சுவர் நல்லா இருக்கு போல அக்கா."

"நல்ல சுவரும் கொஞ்சம் அசையும்டி. எங்க கடைச் சுவர் புதுசு, அதுகூட அசையுது. ஒண்ணுமே அசையாம இருக்குறது எனக்குப் பயமா இருக்கு. சத்தம் வேற நாளுக்கு நாள் கூடுது. வா, பாப்போம்."

நானும் கூடப் போனேன். பூச்சுக்காரி அடுப்படியில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தாள். சுண்டெலி தகட்டுக்கு முன்னால் குனிந்தாள். மூக்கை வைத்து மோந்தாள். அவள் பூச்சுக்காரிக்குப் பிறந்தவள். பச்சைச் சிமெண்ட் வாடை அவளுக்குத் தாய்ப்பால் வாடை. ஒரு ஆணியை எடுத்து விரிசல் இருந்த கோட்டில் கீறினாள். பூச்சு ஒரு பட்டையாகப் பெயர்ந்து விழுந்தது. அதற்குள் இன்னொரு பூச்சு. அதையும் பெயர்த்தாள். அதற்குள் இன்னொன்று. எல்லாம் மெல்லிசாக, அழகாக, வேலை தெரிந்த கை செய்தது. கடைசிப் பட்டை விழுந்ததும் அவள் விரல் உள்ளே போனது. பிறகு கை மணிக்கட்டு வரை போனது.

"காத்து வருது" என்றாள். "உள்ளேருந்து ஜில்லுன்னு வருது."

பூச்சுக்காரி தேநீரோடு வந்து நின்றாள்.

"ஏண்டி நோண்டி வெச்சிருக்கே? இப்பதான் காலைல அடைச்சேன்."

"எத்தன நாளாம்மா இதப் பண்றே?"

"விரிசல் விட்டா பூசாம? பாத்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?"

"தகட்டக் கழட்டி ஒட்டிருக்கியே! குறிய நடுவுல வெச்சு ஒட்டிருக்க!"

"அது கோணிக்கிட்டு இருந்துச்சு, நேரா வெச்சேன். நானும் பாக்குறேன், தினம் தினம் கோணிக்கிட்டே இருக்கு. என்ன பசை போடுறீங்களோ."

"அது கோணுறதுதாம்மா அதோட வேலையே!" சுண்டெலி கத்தி நான் பார்த்தது அன்றுதான். "ஊரே நம்ம அளவப் பாத்து இந்த வீடு திடமா இருக்குன்னு நினைச்சிட்டு இருக்கு. நான் பலகையில எழுதினேன்மா, என் கையால எழுதினேன். எல்லாம் பொய். இல்லாத அளவ இருக்குற மாதிரிக் காட்டிட்டே. இதுக்கு அளக்காமயே இருந்திருக்கலாம்."

"பொய்யா? நான் என்னடி பொய் சொன்னேன்? சுவர நேராக்கினேன். என் தொழில் அது."

சாலிடர் இரண்டு பேருக்கும் நடுவில் வந்தாள். "அக்கா, கோபப்படாதீங்க. இந்தச் சுவர் சிவப்புக் கட்டத்த எப்பவோ தாண்டிருக்கும். உங்க பக்கம் சாயுது. ரெண்டு பேரும் இது அடியிலதான் படுக்குறீங்க. இன்னைக்கே வெளிய வந்துடணும். நான் பொறியாளருக்குப் போன் போடுறேன்."

"போடு" என்றாள் பூச்சுக்காரி. "வந்து பூட்டட்டும். என்ன உள்ள வெச்சுப் பூட்டட்டும்."

தேநீரைக் கீழே வைத்துவிட்டு, கரண்டியையும் சட்டியையும் எடுத்து வந்து, பெயர்ந்த இடத்தில் மறுபடியும் அப்ப ஆரம்பித்தாள். மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அசைக்க முடியவில்லை. கலவை சுமந்த உடம்பு அது.

பொறியாளர் மேட்டுத் தெருவில் மண் சரிந்த இடத்தில் இருந்தாராம், மறுநாள்தான் ஆளோடு வர முடியும் என்றாராம். பட்டறைத் தண்ணீரை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். யாரும் நிறுத்தியதாகத் தெரியவில்லை. மத்தியானம் வழக்கம்போல் காலடியில் நடுக்கம் ஓடியது. மழையும் சேர்ந்துகொண்டது. எதிர்வீட்டில் பூச்சுக்காரி சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மகள் வாசற்படியில் உட்கார்ந்து, "நீ வராம நானும் வர மாட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே பிடிவாதம்.

"அத்தை, அந்தப் பக்கத்து வீட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்றாள் சாலிடர். "சத்தம் எதால வருதுன்னு கண்டுபிடிச்சுட்டா அந்த அக்கா எந்திரிச்சுடுவாங்க. வாங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் போக விருப்பமே இல்லை. சாவியை மட்டும் கொடுத்து அனுப்ப வாய் வரைக்கும் வந்தது. சின்னப் பெண் தனியாகப் போவாளே என்றுதான் போனேன்.

பூட்டு துருப்பிடித்து அடம் பிடித்தது. உள்ளே ஒரு ஜன்னல் வெளிச்சம்தான். தரை ஒரு மூலையில் உள்வாங்கி, சட்டி அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. கருவி எதுவும் இல்லாமலே அந்த முழுங்குகிற சத்தம் அதிலிருந்து வந்தது. பொதுச்சுவரில் பாதிக்குமேல் பூசியிருந்தது. மேஸ்திரி கை எது, அவள் கை எது என்று எனக்கே பார்த்ததும் தெரிந்தது. அவர் பூசியது கண்ணாடி. அவள் பூசியது அவசரம். அந்த அவசரப் பூச்சுக்கு நடுவில், தரையிலிருந்து ஒரு ஆள் உட்கார்ந்த உயரத்துக்கு, தலையும் தோளுமாக ஒரு இடம் பூசாமல் வெறும் செங்கல்லாக நின்றது. அவள் சொன்னதைக் கேட்டிருந்தும் எனக்குக் கால் பின்வாங்கியது.

சர்ர். சர்ர். டொக்.

அந்த வெறும் இடத்தில்தான் சத்தம். சாலிடர் கைபேசி விளக்கைப் பிடித்தாள். சுவர் உச்சியில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு நூல், நூலின் நுனியில் பித்தளைத் தூக்குக்குண்டு. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க மேஸ்திரி செத்த அன்று காலை கட்டித் தொங்கவிட்டது. அவிழ்க்க யாரும் வரவில்லை. குண்டு சுவரைத் தொடாமல் தொங்க வேண்டும். இப்போது செங்கல்மேல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நடுக்கம் வரும்போதெல்லாம் இரண்டு முறை உரசி ஒரு முறை எகிறி மோதியது. உரசி உரசிச் செங்கல்லில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"சுவரோட தலை அந்தப் பக்கம் சாஞ்சா, நூல் நேராத்தானே தொங்கும்? அதான் குண்டு கீழ வந்து இடிக்குது" என்றாள் சாலிடர். அவளுக்கு மூச்சு வாங்கியது. "எவ்வளவு சாஞ்சிருக்கு பாத்தீங்களா? இது இன்னைக்கு விழும் அத்தை. இன்னைக்கே விழும்."

நூலை அறுத்துக் குண்டைக் கையில் எடுத்தாள். சத்தம் நின்றது. தரை ஓட்டையில் தண்ணீர் முழுங்குவது மட்டும் கேட்டது. இரண்டு பேரும் ஓடி வந்தோம்.

பூச்சுக்காரி குண்டைப் பார்த்ததும் எழுந்தாள். அடையாளம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள்.

"இது அவருதுதான்" என்றாள்.

"இதான் அக்கா சத்தம். இது சுவருல உரசியிருக்கு. வேற யாரும் அங்க இல்ல. அறுத்துட்டேன், நின்னுடுச்சு. தயவுசெஞ்சு வெளிய வாங்க."

"அங்க அந்த இடம் எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டாள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

"அப்படியேதான் இருக்கும்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மேலே பார்த்தாள். சுவர் உச்சியிலிருந்து பொடி உதிர்ந்து அவள் தலைமுடியில் விழுந்துகொண்டிருந்தது. சாலிடர் சத்தமில்லாமல் என் கையை நெரித்தாள்.

"நீ கேட்டுச் சொல்லு" என்றாள் பூச்சுக்காரி மகளிடம். "இவங்க சொல்றத நான் கேக்க மாட்டேன். நீதான் பொய் அளவு சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சண்டை போட்டவ. வெச்சுக் கேளு. அவரு நிறுத்திட்டாருன்னு நீ சொன்னா வர்றேன்."

சுண்டெலி உள்ளே வந்து பெட்டியை எடுத்துக் கருவியைத் தலையில் மாட்டினாள். அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பக்கவாட்டில், வாசலுக்கு உள்ளே நின்றேன். அந்தப் பெட்டியின் முனையில் சாலிடர் கடுகு அளவில் ஒரு விளக்கு வைத்திருந்தாள். சுவரில் உரசலோ தட்டலோ வந்தால் சிவப்பாக எரியும். சுண்டெலி பொத்தானை அழுத்தினாள்.

விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடியும் எரிந்தது, அணைந்தது. அப்புறம் சட்டென்று ஒரு சின்ன மினுக்கு. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் நீளமாக ஒன்று, நீளமாக ஒன்று, சின்னதாக ஒன்று.

குண்டு பூச்சுக்காரியின் கையில் இருந்தது.

சுண்டெலியின் கட்டைவிரல் மெதுவாக நகர்ந்து விளக்கை மூடியது. நகத்துக்கு அடியில் சதை சிவந்து சிவந்து இருண்டது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி நேராக நின்றாள்.

"நின்னுடுச்சா?" என்றாள் அம்மா.

"நின்னுடுச்சு."

"நல்லாக் கேளு. தட்டுற சத்தம்?"

"இல்லம்மா."

பூச்சுக்காரி குண்டை இன்னொரு கைக்கு மாற்றினாள். பிறகு மெல்லிய குரலில், "முடிச்சுட்டாரா?" என்றாள்.

இந்தப் பேச்சையே ஏற்காதவள் சுண்டெலி. செத்தவர் பூசுவாரா என்று அம்மாவோடு தினம் மல்லுக்கட்டியவள்.

"முடிச்சுட்டாரும்மா" என்றாள். "மொத்தத்தையும் பூசி முடிச்சுட்டாரு."

"மூணு இழுப்பு இழுத்திருந்தா எப்பவோ முடிச்சிருக்கலாம்" என்று பூச்சுக்காரி முணுமுணுத்தாள். வேலை முடிந்த சாயங்காலம் செய்வது போல, சட்டியில் மிச்சமிருந்த கலவையை வழித்து எடுத்தாள், கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள், தூக்குக்குண்டை அதன் நூலோடு சுற்றி மடியில் செருகினாள். சுவரைத் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கி மழைக்குள் வந்தாள். என் கடைவாசல் குழாயைத் திறந்து கரண்டியை நிதானமாகக் கழுவ ஆரம்பித்தாள். சாலிடர் அவள் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள்.

மகள் இன்னும் உள்ளேயே நின்றாள்.

"வாடி!" என்று கத்தினேன். "என்ன நிக்கிறே?"

"ஒரு நிமிஷம் அத்தை."

அம்மா முதுகு காட்டி நின்றாள். இனி மறைக்க யாரும் இல்லை. ஆனாலும் சுண்டெலி விரலை எடுக்கவில்லை. உதிர்ந்த பொடி கட்டில்மேல் மாவு சலித்த மாதிரிப் படிந்திருந்தது. நான் உள்ளே போய் அவள் தோளைப் பிடித்து இழுத்து வந்தேன். பின்பக்கமாகவே நடந்து வந்தாள், கண்ணைச் சுவரில் வைத்தபடி, கருவியைத் தலையில் வைத்தபடி. சுருளாகக் கிடந்த கம்பி அவள் முன்னால் தரையில் இழுபட்டு நீண்டது. படியைத் தாண்டியது. தெருவுக்கு வந்தது. பாதித் தெருவில் முழு நீளமும் விறைத்து நின்றது. அங்கே அவளும் நின்றுவிட்டாள். இன்னொரு அடி வைத்தால் கழன்றுவிடும்.

"அளவு எடுத்தாச்சுல்ல, கழட்டிடு" என்று குழாயடியிலிருந்து சாலிடர் கூப்பிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

சுண்டெலி என்னைப் பார்த்தாள். அவள் விரலுக்கு அடியில் சிவப்பு நீளமாக ஒரு முறை வந்து போனது. இன்னொரு முறை வந்து போனது. மூன்றாவதாகச் சின்ன மினுக்குக்காக இருவரும் காத்திருந்தோம். அது வரவில்லை; நீளமாக மூன்றாவது ஒன்று வந்தது.

அவள் அந்த இன்னொரு அடியை வைத்தாள்.